மாமாவின் கல்யாணத்தில் நான் தவறவிட்ட படம்

என் செல்லச் சுமா அக்காவுக்கு,

மாமாவுக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது. பங்குனி மாதத்தில், ஆவடிப் பக்கம் ஏரிக்கரையில், கொட்டுகிற மழையில். படம் எடுத்தது நான்தான். சிரிக்காதே.

உன் போட்டோவுக்கு முன்னால் நின்று மனசுக்குள் பேசுவது எனக்கு வராது. அம்மா தினமும் பேசுகிறாள். விளக்கேற்றும்போது மோட்டார் ரிப்பேரிலிருந்து பக்கத்து வீட்டுச் சண்டை வரை எல்லாவற்றையும் உன்னிடம் ஒப்பித்துவிடுகிறாள். ஆனால் இந்தக் கல்யாணத்தைப் பற்றி மட்டும் அவளும் உன்னிடம் வாயைத் திறக்கவில்லை. அதனால் நான் எழுதுகிறேன். நாலு பேர் படித்தாலும் படிக்கட்டும், ஊர் பேசாததையா நான் எழுதிவிடப் போகிறேன்?

முதலில் உன் மகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மீதி எதுவும் உன் காதில் ஏறாது. யாழினி நன்றாக இருக்கிறாள். இரண்டாம் வகுப்பு. முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன, 'ஸ்கூல்' என்று சொல்லச் சொன்னால் பாதி காற்றுதான் வருகிறது. பிடிவாதத்தில் உன்னை உரித்துவைத்திருக்கிறாள். முழுப் பரீட்சை முடிந்ததும் மாமாவோடும் புதுப்பெண் நித்யாவோடும் வானகரம் வீட்டுக்குப் போய்விடுவாள். எனக்கு இப்போது இருக்கிற ஒரே கவலை அதுதான்.

நீ போனதிலிருந்து அவள் நம் நெமிலிச்சேரி வீட்டில்தான் வளர்கிறாள். அப்பா ரிடையராகி குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோது, இந்த வீடு ரொம்பச் சின்னது என்று நீதானே மூக்கைச் சுளித்தாய்? அந்தச் சின்ன வீட்டில் இப்போது எங்கே பார்த்தாலும் உன் மகளின் கலர் பென்சில்தான். மாமா ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடத் தவறாமல் வருவார். வந்து மகளோடு கேரம் விளையாடித் தோற்பார், அம்மா போடுகிற சாப்பாட்டைச் சாப்பிடுவார், தட்டைத் தானே கழுவிவைத்துவிட்டுப் போவார்.

உன் காரியம் முடிந்து பந்தல் பிரிப்பதற்குள் பெரியம்மா ஆரம்பித்துவிட்டாள். "வெளிய எதுக்குடி தேடணும்? நம்ம கவிதா கீறா. கொழந்தைக்கும் வேத்து முகம் இல்ல." அம்மா என் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் எத்தனை மாதம் தாங்கினேன் தெரியுமா? ஒவ்வொரு பண்டிகைக்கும் யாராவது ஒருத்தர் அந்தப் பேச்சை எடுத்தார்கள். நான் முடியாது என்றேன். கடைசியில் கத்தியே சொன்னேன்.

மாமா நல்லவர். அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. நல்லவர் என்பதற்காகக் கழுத்தை நீட்ட முடியுமா? உன்னைப் பெண் பார்க்க வந்தபோது ஸ்கூல் யூனிபாரத்தில் இருந்த எனக்கும் ஒரு சாக்லேட் கொண்டுவந்தவர் அவர். அவரை எப்போது பார்த்தாலும் பக்கத்தில் நீ நிற்கிற இடம் காலியாகத் தெரிகிறது. அங்கே போய் நிற்க என்னால் முடியவில்லை அக்கா. இதில் உனக்கு என் மேல் கோபமா? கனவில்கூட வந்து ஒன்றும் சொல்லாமல் இருக்கிறாயே.

சரி, நித்யாவுக்கு வருகிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் மாமா வேலை செய்கிற கம்பெனியிலேயே கணக்குப் பிரிவில் இருக்கிறாள். பூந்தமல்லிப் பெண். அவளிடம் ஒரு குறை கண்டுபிடிக்க நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. தயிர்சாதத்தை ஸ்பூனால் சாப்பிடுகிறாள் என்பதற்கு மேல் ஒன்றும் தேறவில்லை. அவளுக்கு இது முதல் கல்யாணம். அதனால் கோவிலோடு முடிக்காமல், ஏரியைப் பார்த்த புல்வெளியில் பூப்பந்தல் போட்டு நடத்த வேண்டும் என்று அவள் அம்மா ஆசைப்பட்டார்கள். நியாயம்தான். எனக்குத்தான் வயிறு எரிந்தது.

பெண் வீட்டில் வேறு ஒரு ஸ்டுடியோவைப் பேசியிருந்தார்கள். கல்யாணப் படம் எடுப்பதையே தொழிலாக வைத்திருக்கிற நான் நேராக மாமாவிடம் போனேன்.

"நான் எடுக்குறேன் மாமா."

"உனக்கு எதுக்கு கவி இந்தக் கஷ்டம்?"

"எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல. வேற எவனாவது வந்து யாழுவ 'பாப்பா, ஓரமா போ'ன்னு சொன்னா, அவன் கேமராவத் தூக்கி ஏரியில போட்டுடுவேன். அது உங்களுக்குத் தேவையா?"

அவர் சிரிக்கவில்லை. சரி என்றார்.

உனக்குத் தெரியாததில்லை, கல்யாண மேடையில் யார் எங்கே நிற்பது என்பதைச் சம்பந்தி தீர்மானிப்பதில்லை, போட்டோ எடுக்கிறவள் தீர்மானிக்கிறாள். "அத்தை, கொஞ்சம் தள்ளுங்க" என்றால் எப்பேர்ப்பட்ட மாமியாரும் தள்ளித்தான் நிற்பாள். அந்த அதிகாரம் எனக்கு வேண்டியிருந்தது. அந்த ஆல்பத்தில் உன் மகளுக்கு ஒரு நல்ல இடம் பிடித்துக் கொடுத்துவிட வேண்டும், பிறகு அவர்கள் வீட்டில் என்ன நடந்தாலும் அந்தப் படம் பேசும் என்று நினைத்தேன்.

காலையிலேயே வானம் சரியில்லை. ஏரிக்கு அந்தப் பக்கம் கட்டடங்களே தெரியவில்லை. வீடியோ எடுக்க மண்ணூர்பேட்டை செல்வத்தைக் கூட்டிப் போயிருந்தேன். அவன் வண்டியை விட்டு இறங்கும்போதே ஆரம்பித்துவிட்டான். "யக்கா, மானத்த பாத்தியா? இன்னாமா கறுத்துகினு கீது! அய்யராண்ட சொல்லி சட்டுபுட்டுனு முட்ச்சிக்க சொல்லு."

மணப்பெண் அறையில் நித்யாவுக்கு ஜடை அலங்காரம் நடந்துகொண்டிருந்தது. நான் வளையல், மருதாணி என்று எடுத்துக்கொண்டிருந்தபோது அவள் அம்மா என்னைக் கதவோரமாகக் கூப்பிட்டார்கள். கையைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்கள்.

"தப்பா எடுத்துக்காதம்மா. தாலி கட்டுற நேரத்துல மட்டும் பாப்பா அங்க வேணாம். அப்பா கல்யாணத்தப் புள்ள கண்ணால பாக்கக் கூடாதுன்னு எங்க பக்கத்துல ஒரு வழக்கம். அது முடிஞ்சதும் தாராளமா வரட்டும்."

கேட்டதும் எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. வழக்கமாம். யாருக்கு யார் வழக்கம்? அந்தப் பிள்ளை செய்த பாவம் என்ன? ஆனால் திரும்பிப் பார்த்தால் நம் அம்மா அங்கேதான் நிற்கிறாள். "அவங்க சொல்றதும் சரிதான் கவி, நானும் கேள்விப்பட்டிருக்கேன். நான் பாப்பாவ டைனிங் ஹாலுக்குக் கூட்டிப்போயி டிபன் குடுக்குறேன்" என்றாள். அம்மாவே சொன்ன பிறகு நான் யாரிடம் சண்டை போடுவது? அப்பா வந்திருந்தால் ஒரு வார்த்தை கேட்டிருப்பார். அவர் முட்டிவலி என்று வீட்டிலேயே இருந்துவிட்டார்.

அம்மா யாழுவைக் கூட்டிக்கொண்டு போனாள். அவள் பட்டுப்பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஈரப் புல்லில் தாண்டித் தாண்டிப் போனாள்.

முகூர்த்தம் நெருங்கும்போது பிடித்தது மழை. தூறல், சாரல் என்ற பேச்சே இல்லை, எடுத்த எடுப்பிலேயே கொட்டியது. பந்தல் துணி தண்ணீர் கோத்துத் தொங்கிற்று. செல்வம் கேமராவைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு ஓடினான். பெண்கள் பட்டுப்புடவைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார்கள். யாரோ நித்யாவைப் பார்த்து, "அரிசி தின்னியாடி சின்ன வயசுல? பாரு, கல்யாணத்துல மழை!" என்று கேலி செய்தார்கள்.

எனக்குச் சட்டென்று உன் ஞாபகம். அரிசி களையும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்து வாயில் போட்டுக்கொண்டு ஓடுவது யார்? கல்யாணத்தன்று மழை வரும் என்று அம்மா திட்டாத நாள் உண்டா? உன் கல்யாணத்தில் சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. நீ தின்ற அரிசிக்கெல்லாம் சேர்த்து இப்போது பெய்கிறதோ என்னவோ. பெரியம்மா வேறு என் காதருகே வந்து, "மூத்தவ அழுவுறாடி" என்றாள். "எங்க அக்கா அழுவுறவ இல்ல, அரிசி தின்னவ. சும்மா இரு பெரிம்மா" என்று சொல்லிவிட்டேன். அவள் இன்னும் என்னோடு பேசவில்லை.

நேரம் தாண்டிவிடும் என்று ஐயர் சத்தம் போட்டார். கூரை போட்ட பெரிய இடம் அங்கே ஒன்றே ஒன்றுதான். டைனிங் ஹால். மணையைத் தூக்கிக்கொண்டு, ஓமகுண்டத்தைத் தூக்கிக்கொண்டு, குடைக்குக் கீழே மாப்பிள்ளையையும் பெண்ணையும் தள்ளிக்கொண்டு மொத்தக் கல்யாணமும் அங்கே போனது. அங்கே யார் இருக்கிறாள்? இலைக்கு முன்னால் உட்கார்ந்து கேசரி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள் உன் மகள்.

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். ஒளித்துவைத்த இடத்துக்கே கல்யாணம் தேடிக்கொண்டு வந்துவிட்டது. ஆனால் அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. நித்யாவின் அம்மா நம் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா உடனே எழுந்து, வாய்கூடத் துடைக்காமல் யாழுவின் கையைப் பிடித்தாள். வெளியே மழை. எங்கே போவாள்? ஹால் கோடியில் கை கழுவுகிற இடம் இருந்தது, ஒரு தடுப்புச் சுவருக்குப் பின்னால். குழந்தையை அங்கே கொண்டுபோய் நிறுத்திக்கொண்டு, முந்தானையால் மறைத்தாள்.

நான் மணைக்கு எதிரில் முட்டி போட்டு உட்கார்ந்தேன். மழை ஈரமும் சாம்பார் ஆவியும் சேர்ந்து லென்ஸில் மூடுபனி. துடைத்தேன், மறுபடியும் மூடியது. மேளக்காரர் ஐயரின் விரலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மாமா தாலியைக் கையில் வாங்கிவிட்டார். எங்கள் தொழிலில் எதை விட்டாலும் அந்த ஒரு நொடியை விடக் கூடாது. சொந்த வீட்டில் தீப்பிடித்தாலும் தாலிப் படத்தை எடுத்துவிட்டுத்தான் ஓட வேண்டும். நான் எத்தனை கல்யாணம் எடுத்திருக்கிறேன், ஒன்றில்கூடத் தவறவிட்டதில்லை.

"கெட்டிமேளம், கெட்டிமேளம்!"

நான் திரும்பிவிட்டேன் அக்கா. ஏன் திரும்பினேன் என்று இன்றுவரைக்கும் எனக்கே புரியவில்லை. கேமரா கண்ணில் இருந்தது, உடம்பு தானாகக் கை கழுவுகிற இடத்தின் பக்கம் திரும்பிவிட்டது. குழந்தை அழுதுகொண்டிருப்பாள், அதை யாராவது பார்த்துச் சாட்சி சொல்ல வேண்டும் என்று நினைத்தேனோ? அம்மாவின் முந்தானைக்கு ஒரு பக்கத்தில் யாழுவின் முகம் வெளியே வந்தது. நான் விடாமல் அழுத்தினேன்.

அவள் அழவில்லை. யாரோ கொடுத்த அட்சதை அவள் கையில் இருந்திருக்கிறது. பொக்கை வாய் முழுக்கச் சிரித்துக்கொண்டு, எம்பி எம்பி அந்த அரிசியை அவள் அப்பா இருந்த திசையில் வீசிக்கொண்டிருந்தாள். ஒரு மணிகூட அங்கே போய்ச் சேர்ந்திருக்காது. அவளுக்கு அதெல்லாம் தெரியவில்லை, வீசிக்கொண்டே இருந்தாள்.

அந்த ஹாலில் துக்கப்பட்டது நான் ஒருத்திதான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. யாழுவுக்காகத்தான் இவ்வளவு கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே, அந்தக் கோபம் யாருடையது?

திரும்பிப் பார்த்தால் மாமா கையை எடுத்துவிட்டார். தாலி ஏறிவிட்டது. என்னிடம் ஒரு படம்கூட இல்லை. செல்வத்தைப் பார்த்தேன். அவன் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தான். "சுத்தமா போச்சு யக்கா. அந்த மஞ்ச சட்ட பெர்சு, கரெக்டா அந்த டைமுக்கு போன தூக்கிகினு குறுக்க வந்துட்டாரு. வெறும் முதுவுதான் கீது."

வேறு வழியில்லாமல் நானே சத்தமாகச் சொன்னேன். "மாமா, கேமராவுல ஆவி படிஞ்சிடிச்சு. தாலிய இன்னொரு தடவ கையில புடிங்க, கட்டுற மாதிரி. போட்டோவுக்கு."

"கட்டினத மறுபடியுமா? அபசகுனமா எதுவும் ஆயிடாதே?" என்று நித்யாவின் அம்மா பதறினார்கள்.

செல்வம் விடவில்லை. "எல்லாக் கல்யாணத்துலயும் இதான் ஆண்ட்டி. பாதி ஆல்பத்துல நீங்க பாக்குறது ரெண்டாவது தபா புட்ச்சதுதான். சொன்னாத்தான் தெரியும்."

தாலிப் படம் இல்லாத ஆல்பத்தை எந்தப் பெண்ணைப் பெற்றவள் ஒப்புக்கொள்வாள்? தலையாட்டினார்கள். அந்த நிமிஷத்தில்தான் எனக்குப் புத்தி வேலை செய்தது. அவர்களே சொன்னதுதானே, நிஜத் தாலி கட்டும்போதுதான் பிள்ளை பார்க்கக் கூடாது. இது நிஜமில்லை. ஆனால் ஆல்பத்தில் இருக்கப் போவது இதுதான். நாளைக்கு யார் புரட்டினாலும் தாலி கட்டும்போது யாழு பக்கத்தில் நிற்பாள். "யாழு, இங்க வா!" என்று கூப்பிட்டேன். அப்பாவை ஒட்டி, முன்னால், எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி அவளை நிறுத்த வேண்டும் என்று மனசுக்குள் கோடு போட்டுவிட்டேன்.

நித்யாவின் அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார்கள். அதற்குள் நித்யாவே திரும்பிப் பார்த்தாள்.

"யாழினி, எனக்கு ஒரு உதவி பண்றியா? இந்த ஜடை பூவோட சேர்ந்து ரொம்ப கனமா இருக்கு. பின்னால நின்னு கொஞ்சம் தூக்கிப் புடிச்சுக்கிறியா?"

"நித்யா..." என்றார்கள் அவள் அம்மா.

"தாலி கட்டியாச்சும்மா. இது போட்டோ."

நான் சொல்ல நினைத்ததை அவள் சொல்லிவிட்டாள். எனக்குச் சந்தோஷமாகத்தானே இருக்க வேண்டும்?

யாழு ஓடிப்போய் நித்யாவுக்குப் பின்னால் நின்றாள். இரண்டு கையாலும் அந்தப் பெரிய ஜடையைத் தூக்கிப் பிடித்தாள். மாமா தாலிக்கயிற்றை மறுபடி பிடித்தார். நான் வழக்கம்போலக் கூப்பிட்டேன். "யாழு, சித்தியப் பாரு!"

நான் கேமராவை எடுத்தாலே அவள் என்னைப் பார்ப்பாள். பார்த்து நாக்கை நீட்டுவாள். உன் வீட்டுத் தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து அப்படித்தான். அன்றைக்கு அவள் பார்க்கவில்லை. நித்யாவின் கழுத்தையே கவனமாகப் பார்த்துக்கொண்டு, "இருங்க சித்தி, ஜடை விழுந்துடும்" என்றாள்.

படம் எடுத்தேன். நல்ல படம். வெளிச்சம் ஜன்னல் வழியாக மழையோடு சேர்ந்து வந்து மூன்று பேர் மேலும் ஒரே மாதிரி விழுந்திருக்கிறது. என் கையாலேயே எடுத்துக் கொடுத்துவிட்டேன் அக்கா. உன் மகளுக்கு இடம் பிடிக்கத்தான் போனேன், இடமும் கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகு நான் பந்தியில் உட்காரவில்லை. ஏரிப் பக்கமாகப் போய், குடைகூட இல்லாமல் கொஞ்ச நேரம் அழுதேன். மழையில் யாருக்கும் தெரியவில்லை.

இப்போது நான் செய்துகொண்டிருக்கிற ஒரு காரியத்தைச் சொல்கிறேன், திட்டு. கல்யாணத்துக்கு மறுநாளே நித்யா எனக்கு மெசேஜ் போட்டாள். "கவிதா, தாலி கட்டும்போது யாழினிய கை கழுவுற இடத்துல நிக்க வச்சிருந்தாங்களாமே. எனக்கு அப்போ தெரியாது. அழுதாளா? இவரும் சொல்ல மாட்டேங்கிறாரு. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்." நான் பார்த்துவிட்டேன் என்று அவளுக்கு நீலக்கோடு காட்டியிருக்கும். பதில் போடவில்லை. மற்ற எல்லாப் படங்களும் கொடுத்துவிட்டேன், அரிசி வீசுகிற அந்தப் படங்களை மட்டும் கொடுக்கவில்லை.

அவள் கொஞ்சம் தவிக்கட்டும் என்றுதான் விட்டேன். வேறு காரணம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு நாளும் அந்த மெசேஜை எடுத்துப் பார்த்துவிட்டு மூடிவைக்கிறேன். குழந்தை அழுதாள் என்று அவள் நினைத்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? யாழு அந்த வீட்டுக்குள் நுழையும்போதே நித்யா குற்ற உணர்ச்சியோடு அவளைப் பார்ப்பாள். எதற்கெடுத்தாலும் பயந்து பயந்து நடப்பாள். குழந்தைக்கு அது புரியாது, தன்னைப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொள்வாள். மறுபடி என்னிடம் ஓடி வருவாள். அதுதான் எனக்கு வேண்டுமா? சில நாள் ஆமாம் என்றுதான் தோன்றுகிறது அக்கா. உன்னிடம் எதற்கு மறைக்க வேண்டும்.

பரீட்சை முடியப் போகிறது. நேற்று யாழு தன் கலர் பென்சிலையெல்லாம் பொறுக்கி ஒரு டப்பாவில் போட்டாள். ஒரே ஒரு பச்சைப் பென்சிலை எடுத்து, "இது இங்க இருக்கட்டும் சித்தி, நான் வந்தா வரையறதுக்கு" என்று என் மேஜையில் வைத்தாள். வந்தால் என்கிறாள். நான் போய்த் துணி மடித்தேன்.

இதை எழுதி முடித்ததும் அந்தப் படங்களை நித்யாவுக்கு அனுப்பிவிடுகிறேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு. அழவில்லை, சிரித்தாள் என்று எழுதுவேன். அதோடு இன்னொன்றும் எழுத வேண்டும், அதை நித்யாவுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

யாழு தூக்கத்தில் எழுந்து உட்காருவாள். கண்ணைத் திறக்காமலே ஒரு தரம் கூப்பிடுவாள். நீ போன புதிதில் "அம்மா" என்று கூப்பிட்டாள். நான் என்ன செய்வதென்று தெரியாமல் "உம்" என்றேன். உடனே படுத்துத் தூங்கிவிட்டாள். கொஞ்ச நாளில் அது "சித்தி" ஆயிற்று. அதற்கும் "உம்" என்பேன். யார் குரல் என்று அவள் பார்ப்பதில்லை, ஒரு குரல் வந்தால் போதும். வானகரத்திலும் எழுந்து உட்காருவாள், என்னைத்தான் கூப்பிடுவாள். அதைக் கேட்டு மனசு கஷ்டப்படாதே, விளக்கைப் போடாதே, "உம்" என்று மட்டும் சொல்லு என்று நித்யாவுக்கு எழுதப் போகிறேன்.

உன் தங்கை,
யாழுவின் சித்தி,
கவி